ஓட்டம் முடியட்டும்

கணவன் புது வீட்டின் படங்களை அனுப்பிய அன்று மத்தியானம்தான் அவள் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாள்.

சாப்பாட்டு நேரம். பல் செய்யும் கூடத்தில் உலை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பல் வைத்தியர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்வது அவள் வேலை. மாவைத் தண்ணீரில் குழைத்து, தூரிகை நுனியால் துளித்துளியாக ஏற்றி, உலையில் சுட்டு எடுக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. அவளுக்குக் கை நடுங்கியதே இல்லை. ஆனால் மேஜைக்கு அடியில் கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். "இடுப்புக்கு மேல நீ ஒருத்தி, இடுப்புக்குக் கீழ வேற ஒருத்திம்மா" என்பார் முதலாளி.

கல்லூரி விடுதியில் அவளுக்குச் சுடுதண்ணி என்று பெயர். காலில் சுடுதண்ணியை ஊற்றிக்கொண்டவள் போல எந்நேரமும் பறந்துகொண்டிருந்ததால் அறைத்தோழி வைத்த பெயர். அந்த அறைத்தோழியின் அண்ணனைத்தான் பிற்பாடு அவள் கட்டிக்கொண்டாள். ஒரே தட்டில் சாப்பிட்ட தோழி நாத்தனார் ஆனாள். உறவுக்காரர்கள் முன்னால் "அண்ணி" என்பாள். தனியாக இருந்தால் பழையபடி "வாடீ, போடீ". கோபம் வந்தால் மட்டும் தனிமையிலும் "அண்ணி" வரும். அப்படி வந்தால் அடி வாங்கியது போல இருக்கும்.

நாத்தனாருக்கு வேலை டிரைவிங் ஸ்கூலில். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பியே பிழைப்பை ஓட்டுகிறவள். பிரேக்கம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் யாராவது வண்டியை விரட்டினால்கூட அவள் வலது கால் தரையை அழுத்தும்.

கணவன் கப்பலில் இன்ஜின் அறைப் பொறியாளன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முக்கால் பங்கு கடலில் போயிற்று. இப்போது அவனுக்கு ஒரு துறைமுகத்தில் கரை வேலை கிடைத்திருந்தது. ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போக வேண்டிய ஊர். மகள் வெளியூரில் படிக்கப் போய்விட்டாள். இங்கே பிடித்து வைக்க எதுவும் இல்லை என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். பால்கனி, சமையலறை, குளியலறைக் குழாய் உட்படப் படம் எடுத்து அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: 'இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ.'

கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வெளியே இறங்கித் தெருவைச் சுற்றினாள். செருப்புக்கடைக் கண்ணாடியில் மாரத்தான் விளம்பரம் ஒட்டியிருந்தது. தேதியைப் பார்த்தாள். கணவன் வந்து சேருவதற்கும் வீடு மாறுவதற்கும் நடுவே விழுந்தது. நின்ற இடத்திலேயே போனை எடுத்துப் பெயரைப் பதிந்தாள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டரா?" சாயங்காலம் பிரேக்கம்மா வாயைப் பிளந்தாள். "அவ்வளவு தூரத்துக்கு நான் காரையே ஆயில் பாக்காம எடுக்க மாட்டேன்டீ."

"நான் தனியாவே ஓடிக்கிறேன்."

"நீ தனியா ஓடினா எங்க போய் நிப்பேன்னு யாருக்குத் தெரியும்? என் பேரையும் போடு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணன் வந்ததும் நீங்க ரெண்டு பேரும் போயிடுவீங்க. அதுவரைக்குமாவது உன்கூட இருக்கேனே."

சுடுதண்ணி அவள் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்து அவள் பெயரையும் பதிந்தாள்.

ஊருக்கு நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. இரண்டு கரையிலும் நடைபாதை. முதல் நாள் காலையில் சுடுதண்ணி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தாள். முதல் பாலம் வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. டயர்கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரே சீராக, அவசரமே இல்லாமல், பொத் பொத்தென்று காலடி கேட்டது.

"எடுத்த எடுப்புல டாப் கியரா?" என்றாள் பிரேக்கம்மா, நிற்காமல். "இன்ஜின் ஆஃப் ஆகத்தான் செய்யும்."

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். மூச்சு வாங்கினால் உடனே குறைப்பாள். வளைவு வந்தால் பழக்கதோஷத்தில் கை காட்டுவாள். பின்னால் சைக்கிள் மணி கேட்டால், "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று தன்னை மறந்து கத்துவாள். எதிரே நடந்து வரும் பெரியவர் ஒருவர் தினமும் இவர்களைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு நாள், "யாரு துரத்துறாங்கம்மா?" என்று கேட்டே விட்டார்.

"நான்தான் இவளைத் துரத்துறேன் சார்" என்றாள் பிரேக்கம்மா. "சிக்க மாட்டேங்கறா."

வாரங்கள் போகப் போக உடம்பு பழகியது. ஓட்டத்துக்கு முன் வாழைப்பழம், பின் முட்டையும் ரொட்டியும். தொடை உரசும் இடத்தில் வாசலின். பிரேக்கம்மாவின் கால் நகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து விழுந்தன. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அச்சகத்திலிருந்து வரும் அவள் வீட்டுக்காரர், வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும் இருவரையும் தாண்டிப் போகும்போது, "பைத்தியம் தொத்து வியாதிதான் போல" என்று முணுமுணுத்துவிட்டுப் படுக்கப் போவார்.

ஓடும்போது மட்டும்தான் சுடுதண்ணிக்கு ஆசுவாசம். நின்றால் வந்துவிடும். கணவன் போன் செய்வான்: திரைச்சீலை என்ன நிறம் வாங்கலாம்? ஃபிரிஜ் பெரிதாகவா, சின்னதாகவா? அவள் பேசிக்கொண்டே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பாள். "ஓட்டம் முடியட்டுங்க, சொல்றேன்." மகள் போன் செய்வாள்: அம்மா, பழைய அலமாரியை என்ன செய்யப் போற? "ஓட்டம் முடியட்டும்டா." எதைக் கேட்டாலும் அவளிடம் இந்த ஒரே பதில்தான் இருந்தது.

ஒரு நாள் முதலாளி பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எப்பம்மா கிளம்பற? எனக்கு ஆள் பாக்கணுமே" என்றார். அவள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவளைப் பார்க்க வந்த பிரேக்கம்மா சந்தோஷம் தாங்காமல் ஊருக்கே சொல்லியிருந்தாள்.

"ஓட்டம் முடியட்டும் சார்."

அந்த வாரம் அவள் செய்த முன்பல் ஒன்று திரும்பி வந்தது. நிற அட்டையில் ஒரு படி தவறிவிட்டாள். "மத்த பல்லுக்கு நடுவுல டியூப்லைட் மாதிரி தெரியுதாம்" என்றார் முதலாளி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உடைத்துப் போட்டுப் புதிதாகச் செய்தாள். அதையும் செய்து முடிப்பதற்குள் எத்தனை தடவை எழுந்து ஜன்னலுக்குப் போனாளோ.

மிக நீளமான பயிற்சி ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கால்வாயைத் தாண்டி, பஸ் டிப்போவைத் தாண்டி, கிடங்குகள் இருக்கும் சாலை வரை போய்த் திரும்ப வேண்டும். பாதி வழியில் தூறல் பிடித்தது. பிரேக்கம்மா நல்ல உற்சாகத்தில் இருந்தாள்.

"உனக்கு என்ன கலர் பிடிக்கும்னு அண்ணன் கேட்டான்டீ. பச்சைன்னு சொல்லிட்டேன். சரிதானே? உன்கிட்ட கேட்டா ஓட்டம் முடியட்டும்னு சொல்றியாம்."

இடப்பக்கம் கிடங்குச் சுவர் முடிவில்லாமல் நீண்டுகொண்டே வந்தது.

"நான் போகலடீ" என்றாள் சுடுதண்ணி.

"எங்க?"

"அந்த ஊருக்கு."

பிரேக்கம்மாவின் காலடி ஓசை மாறவில்லை. "சண்டையா?"

"இல்ல."

"அவன் ஏதாவது தப்புத்தண்டா..."

"சேச்சே. தங்கமான மனுஷன். லீவுக்கு வர்றப்ப சந்தோஷமாத்தான் இருக்கு. கிளம்பற அன்னிக்கு அழத்தான் அழறேன். ஆனா மறுநாள் காலையில எந்திரிச்சு ஜன்னலத் திறக்கறேன் பாரு, அப்பத்தான்டீ எனக்கு மூச்சு முழுசா வருது. இத்தனை வருஷத்துல நான் இப்படி ஆயிட்டேன். என் வேலை, என் சாவி, நான் வெச்சது வெச்ச இடத்துல. இப்ப ஒரு வீட்டைப் படம் பிடிச்சு அனுப்பி இதுல வந்து இருன்னா, எனக்கு நெஞ்சை அடைக்குது."

தூறல் மழையாயிற்று. பிரேக்கம்மா வேகத்தைக் கூட்டினாள். பயிற்சி ஆரம்பித்ததிலிருந்து அவள் இவ்வளவு வேகமாக ஓடிச் சுடுதண்ணி பார்த்ததில்லை. பின்னாலேயே இறைக்க இறைக்க ஓட வேண்டியிருந்தது. டிப்போ வாசலில் பிரேக்கம்மா சட்டென்று நின்று திரும்பினாள். முகத்தில் மழையா கண்ணீரா தெரியவில்லை.

"அவன் எதுக்குக் கடலுக்குப் போனான்? எங்கப்பா செத்தப்ப அவனுக்கு மீசைகூட முளைக்கல. என்னைப் படிக்க வைக்கத்தான் கப்பல் ஏறினான். அப்புறம் உங்களுக்காகப் போனான். வீடு வீடுன்னுதான் அவன் போன்ல அழுவான். வீட்டுக்கு வர்ற நேரத்துல கதவைச் சாத்துவீங்களா?"

"நான் கதவைச் சாத்தலடீ..."

"நீங்க இதைச் சொல்லவே இல்ல. என் காதுல விழவும் இல்ல, அண்ணி."

அந்த 'அண்ணி' மழையைவிடச் சில்லென்று விழுந்தது. வளைவில் பஸ் ஒன்று திரும்பியது. நிறுத்தத்தில் மட்டுமே ஏற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நடுரோட்டில் கையைக் காட்டி நிறுத்தி, ஏறிப் போய்விட்டாள். சொட்டச் சொட்ட நின்றவளுக்கு வீடு போய்ச் சேர இன்னும் பாதித் தூரம் பாக்கி. ஓடித்தான் போனாள். நடந்தால் யோசிக்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு கரை. காலையில் சுடுதண்ணி இந்தப் பக்கம் ஓடினால், கால்வாய்க்கு அந்தப் பக்கம் பொத் பொத்தென்று பிரேக்கம்மா ஓடுவாள். பாலங்கள் வரும், போகும். இருவரில் ஒருவரும் தாண்டவில்லை. சிரிக்கும் பெரியவர் ஒரு கரையையும் மறு கரையையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

கணவன் வந்து இறங்கினான். ஸ்டேஷனுக்குப் பிரேக்கம்மாவும் வந்திருந்தாள். அண்ணனின் தோளில் சாய்ந்து சிரித்தாள், அவன் தலை நரைத்ததைக் கேலி செய்தாள். அந்த விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் சொல்லவில்லை என்பதே சுடுதண்ணிக்குப் பெரிய பாரமாக இருந்தது. சொல்லித் தொலைத்திருந்தால் தன் வேலை மிச்சம் என்று மனசின் ஒரு மூலையில் நினைத்திருந்தாள்.

இன்ஜின் இரைச்சல் இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது. ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பார்த்தான், போதவில்லை. பகலில் கை சும்மா இருக்காது. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினான், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான். அவள் வைத்த இடத்தில் கத்தரிக்கோல் இல்லை, துண்டு இல்லை. அவன் கூடத்துக்கு வந்தால் அவளுக்குச் சமையலறையில் வேலை வந்துவிடும். சமையலறைக்கு வந்தால் மாடியில் துணி காயும்.

நாலைந்து நாள் போனது. ஒரு காலையில், "நானும் வர்றேன்" என்று கால்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். முதல் பாலத்திலேயே கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். அவள் ஓடிப் போகாமல் அவன் எதிரே நின்று குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். மறு கரையில் யாரும் இல்லை.

"இன்ஜின்ல ஒரு சத்தம் மாறிக் கேட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றான் மூச்சு அடங்கியதும். "வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். நான் ஒரு ரூமுக்கு வந்தா நீ அடுத்த ரூமுக்குப் போற. என்ன, சொல்லு."

"ஓட்டம் முடியட்டுங்க..."

"அதுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் கேள்வியை இத்தனை நாள் யாரும் கேட்காததுதான் ஆச்சரியம். அவள் பூசி மெழுகாமல் சொன்னாள். தோழியிடம் சொன்னதைத்தான் சொன்னாள். ஆனால் இவன் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறக்கும் இடம் வந்தபோது வார்த்தை தடுமாறியது. அதையும் சொல்லி முடித்தாள்.

அவன் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஒரு கால், பிறகு இன்னொரு கால்.

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஓ." கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தான். "பாதி நாள் கடல்ல படுத்துக்கிட்டு, நீ இங்க தனியாக் கஷ்டப்படறியேன்னு நெனச்சு அழுதிருக்கேன். நீ நல்லாத்தான் இருந்திருக்க."

கோபம் இல்லாமல் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. 'கஷ்டப்பட்டேன், அதுவும் உண்டு' என்று சொல்ல வந்தாள். சொன்னால் சமாதானம் போல இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் பெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் தங்கை வீட்டுக்குப் போனான். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "கொஞ்ச நாள் அங்க இருக்கேன்" என்றான். வீடு அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. கத்தரிக்கோல் அதன் இடத்துக்கு வந்தது. அவளுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கிய தரையையே பெருக்கினாள்.

மாரத்தான் அன்று விடியும்போது மைதானத்தில் தலைகள்தான் தெரிந்தன. ஒலிபெருக்கியில் யாரோ விடாமல் கத்திக்கொண்டிருந்தான். நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, சுடுதண்ணி தனியாக, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றிருந்தாள். பக்கத்தில் வந்து நின்ற உருவத்தை ஷூவைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள்.

"வந்துட்டியா?"

"உனக்காக வரல" என்றாள் பிரேக்கம்மா, நேராகப் பார்த்தபடி. "மூணு நகம் போயிருக்கு. அதுக்காக வந்தேன்."

ஓடத் தொடங்கினார்கள். கூட்டம் ஆற்றுவெள்ளம் மாதிரி இழுத்துக்கொண்டு போனது. சுடுதண்ணியின் கால்கள் பாயத் துடித்தன, பிடித்து வைத்தாள். கடைத்தெருக்கள், மேம்பாலம், மூடிய அலுவலகங்கள். பேச்சே இல்லை. சாலையோரக் குழந்தைகள் கையை நீட்ட, பிரேக்கம்மா ஒவ்வொரு கையையும் தவறாமல் தட்டிக்கொண்டு வந்தாள். பாதித் தூரம் தாண்டியதும் திடீரென்று சொன்னாள்.

"எங்க வீட்டுல அண்ணன் ஒரு குழாய் விடாம கழட்டி மாட்டிட்டான். எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்து, பல்லு விளக்கத் தண்ணி இல்லாம பிரஷ்ஷோட நிக்கறார்."

சுடுதண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓடிக்கொண்டே சிரித்தால் விலா வலிக்கும். இரண்டு பேருக்கும் வலித்தது.

"சிரிக்காதடீ. நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன். முதல்ல அவன்கிட்டல்ல சொல்லியிருக்கணும்? என்னைக் கொண்டுபோய் நடுவுல நிறுத்திட்டே. ஸ்டேஷன்ல அவன் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சேன் பாரு, அந்தச் சிரிப்புக்கு உன்னை மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்காத."

"மாட்டேன்."

"சரி, ஓடு."

முப்பதாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிரேக்கம்மாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடைபாதை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். சதை முடிச்சுப் போட்டது போல் எழும்பி நின்றது. சுடுதண்ணி மண்டியிட்டுப் பிசைந்தாள். தண்ணீர் ஊற்றினாள். சீருடைப் பெண் ஒருத்தி மருந்து தெளித்தாள். பிரேக்கம்மா எழுந்து நாலடி வைத்து மறுபடி உட்கார்ந்தாள்.

"நீ போ."

"போக மாட்டேன்."

"நீ இங்க நின்னு கால ஆட்டிக்கிட்டு இருந்தா எனக்கு இன்னும்தான் வலிக்கும். நான் நடந்து வந்துக்கறேன். போடீ."

"விட்டுட்டா?"

"ஆமா, விட்டுட்டுத்தான். போன்னு சொல்றேன்ல?" கத்தினாள். கத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சுடுதண்ணி போனாள். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று திரும்பவில்லை. முதலில் குற்ற உணர்ச்சியில் ஓடினாள், பிறகு வீம்பில் ஓடினாள், அதன் பிறகு எதில் ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசிச் சாலையில் உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை. பிறந்ததிலிருந்து 'போ போ' என்ற கால்கள் முதல்முறையாக 'நில்லு' என்று கெஞ்சின. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டி, கையில் வாழைப்பழத்தைத் திணித்தார்கள். அழுகை வந்தது. அவளை யாருக்கும் தெரியாத இடம், தாராளமாக அழுதாள்.

அதற்கப்புறம்தான் கஷ்டமே. ஓடி முடித்தாகிவிட்டது, காத்திருக்க வேண்டும். கால் கட்டையாகிவிட்டது, ஆனாலும் உட்கார முடியவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி தடுப்புக் கம்பியோரம் அங்கும் இங்கும் நடந்தாள். இளைஞர்கள் வந்தார்கள், கிழவர்கள் வந்தார்கள், கரடி வேஷம் போட்ட ஒருவன்கூட வந்துவிட்டான். கூட்டம் கரைந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றினார்கள். வேலையாட்கள் கம்பிகளை லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். நான் போயிருக்கக் கூடாதோ என்ற எண்ணம் கொசு மாதிரி காதருகே வந்து வந்து போனது.

சாலையின் கோடியில் இரண்டு உருவம் தெரிந்தது. சாலையில் நொண்டிக்கொண்டு ஒன்று, நடைபாதையில் அதற்கு இணையாக ஒன்று. பிரேக்கம்மா யாரிடமோ போனை வாங்கி அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் டாக்ஸியோடு வந்திருக்கிறான். ஏற மாட்டேன் என்றிருக்கிறாள். டாக்ஸியை அனுப்பிவிட்டு, அவள் தொப்பியையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு அத்தனை தூரமும் கூடவே நடந்திருக்கிறான்.

சுடுதண்ணி எதிரே போனாள். "நின்னிருக்கணும்டீ நான்."

"நல்ல வேளை, நீ போனே" என்றாள் பிரேக்கம்மா. "உன் மூஞ்சியையும் சேத்துச் சுமந்திருக்கணும். தள்ளு, என் கோடு எங்க?"

மூன்று பேருமாக மெல்ல நடந்தார்கள். பிரேக்கம்மா கோட்டைத் தாண்டிய இடத்திலேயே மல்லாந்து படுத்துவிட்டாள். கணவன் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தான். அவள் அவன் எதிரே நின்றாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"உக்காரேன்."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது."

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேலையில சேர்றேன்னு சொல்லிட்டேன். வியாழக்கிழமை கிளம்பறேன்."

"நான் வருவேங்க. லீவு போட்டுட்டு வருவேன்."

"விருந்தாளி மாதிரியா?"

"நீங்க இத்தனை வருஷம் வந்த மாதிரி."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்தது. அவன் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. "நான் வந்தப்பல்லாம் நீ எப்படி இருந்தியோ, அப்படி நான் இருக்கப் பழகணும்" என்றான். "எனக்கு வருமான்னு தெரியல."

"எனக்கும் தெரியல."

"பேசினது போதும், யாராவது என்னைத் தூக்குங்க" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

வியாழக்கிழமை ஸ்டேஷனில் மேம்பாலப் படி இறங்க வேண்டியிருந்தது. மாரத்தான் ஓடியவர்களுக்குப் படி ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் நரகம். தோழிகள் இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினார்கள். போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கீழே பெட்டிகளோடு நின்றவன், நாலு நாளாக இறுகிக் கிடந்த முகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் வாய்விட்டுச் சிரித்தான். "ரிவர்ஸ்ல வர்றாங்க பாரு ரெண்டு பேரும்!"

ரயில் போன பிறகு பிரேக்கம்மா அழுதாள். சுடுதண்ணி அழவில்லை, நடைமேடையின் கடைசி வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

அடுத்த மாதம் அவள் அந்த ஊருக்குப் போனாள். பச்சைத் திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஒரு டீ வடிகட்டிக்காகச் சண்டை வந்தது. நாலாம் நாள் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினான். கிளம்பும்போது, "அடுத்த தடவை ஷூ எடுத்துட்டு வா, கடலோரமா நல்ல ரோடு இருக்கு" என்றான். வருவதாகச் சொன்னாள். திரும்பும் ரயிலில் படுக்கை விரித்தும் படுக்காமல், கதவருகே நின்று, ஓடும் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இது எத்தனை நாளைக்கு ஓடும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனைக் கேட்டிருந்தால், தனக்கும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பான்.